பழைய நீச்சல் குளத்தை வாங்கிக் கொல்லையில் நிறுவுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், யாரும் இறங்குவதில்லை, பராமரிக்க நேரமில்லை. பயன்படுத்திய நீச்சல் குளம் விற்பனைக்கு வருவதற்குப் பெரும்பாலும் இவைதான் காரணம். அதனால் மலிவாகக் கிடைக்கும். "கழற்றி எடுத்துக்கொண்டு போனால் போதும்" என்று சும்மா கொடுப்பவர்களும் உண்டு. ஆனால் சும்மா கிடைத்த குளத்துக்கும் செலவு இருக்கிறது. உள்ளே விரிக்கும் லைனர் (தண்ணீரைத் தாங்கும் பிளாஸ்டிக் விரிப்பு), இணைப்புகளில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட்டுகள், போல்ட்டுகள், ஃபில்டர் மணல் எல்லாம் புதிதாக வாங்க வேண்டும். நீங்கள் வாங்குவது எலும்புக்கூட்டை மட்டும்தான்: சுவர்த் தகடு, கால்கள், அடிச்சட்டம். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு பேரம் பேசினால் ஏமாற மாட்டீர்கள்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வேலையில் பாதிக்கு மேல் மண் வேலை. குளத்தைப் பொருத்துவது சில மணி நேரத்தில் முடிந்துவிடும். தரையை மட்டப்படுத்துவதுதான் முதுகை ஒடிக்கும்.

எந்த வகைக் குளம்?

தரைக்கு மேலே நிற்கும் குளங்களில் மூன்று வகை பரவலாகக் கிடைக்கின்றன. முதலாவது, துத்தநாகப் பூச்சுள்ள இரும்புத் தகட்டைச் சுற்றி நிறுத்தி, உள்ளே வினைல் லைனர் விரிப்பது. பழையதாக வாங்க இதுதான் ஏற்றது. சுவர் நன்றாக இருந்தால் லைனரை மாற்றி இன்னும் பல ஆண்டுகள் ஓட்டலாம். இரண்டாவது, குழாய்ச் சட்டத்தில் தடித்த பி.வி.சி. துணியை மாட்டுவது. இதில் துணிதான் குளம். அது வெயிலில் வெந்து விறைத்திருந்தால் சட்டம் புதிதுபோல் மின்னினாலும் பயனில்லை. மூன்றாவது, மேல் வளையத்தில் காற்றடைப்பது. இதைப் பழையதாக வாங்காதீர்கள், அவ்வளவுதான்.

நிலத்துக்குள் பதித்த ஃபைபர் கிளாஸ் தொட்டியையும் சிலர் பெயர்த்து விற்பார்கள். அதைத் தோண்டி எடுக்க, கிரேனால் தூக்க, லாரியில் ஏற்ற, மறுபடி பதிக்க ஆகும் செலவைக் கூட்டினால் பழையதை வாங்கிய லாபம் அதிலேயே கரைந்துவிடும். இந்தக் கட்டுரை தகட்டுச் சுவர்க் குளத்தைப் பற்றியது. சட்டக் குளம் வாங்கியவர்களுக்கும் தரை, மின்சாரம், தண்ணீர் பற்றிய பகுதிகள் அப்படியே பொருந்தும்.

வடிவத்தில் வட்டம்தான் எளிது. தண்ணீரின் அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகத் தள்ளுவதால் தகடு தன்னைத்தானே இழுத்துப் பிடித்துக்கொள்ளும். நீள்வட்டக் குளத்தின் நேர்ப் பக்கங்களுக்கு அந்த வசதி கிடையாது; அங்கே முட்டுக்கால்களும், தரைக்கு அடியில் ஓடும் பட்டைகளும் தேவை. முதல்முறை செய்பவர் வட்டத்தை எடுப்பதே நல்லது.

வாங்கும் முன் என்ன பார்க்க வேண்டும்?

முடிந்தால் குளத்தில் தண்ணீர் இருக்கும்போதே ஒருமுறை போய்ப் பாருங்கள். தண்ணீர் நிற்கிறதா, சுவர் எங்காவது வெளியே பிதுங்கியிருக்கிறதா, பம்பு ஓடுகிறதா என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். ஏற்கெனவே கழற்றிக் குவித்து வைத்த குளம் என்றால், பாகங்களை எண்ணிப் பார்க்காமல் காசை நீட்டாதீர்கள்.

துரு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி ஆபத்தானதல்ல. மேல் பட்டையிலும் கால்களிலும் மேலோட்டமாகப் படிந்த துருவைத் தேய்த்து எடுத்து, துரு தடுக்கும் பெயிண்ட் அடித்துவிடலாம். கவனமாகப் பார்க்க வேண்டியவை நான்கு இடங்கள். ஸ்கிம்மர் (மேலே மிதக்கும் குப்பையை இழுத்துப் பிடிக்கும் பெட்டி) பொருத்தியிருக்கும் சதுரத் துளையின் ஓரம். தண்ணீர் திரும்பி வரும் வட்டத் துளையின் ஓரம். தகட்டின் இரு முனைகளும் சந்திக்கும் போல்ட் வரிசை. அப்புறம், மண்ணோடு ஒட்டியிருக்கும் அடி விளிம்பு. இந்த இடங்களில் ஸ்க்ரூடிரைவரின் பின்பக்கத்தால் லேசாகத் தட்டுங்கள். நல்ல தகடு 'ணங்' என்று ஒலிக்கும். அரித்துப்போனது மந்தமாக ஒலித்துச் செதில் உதிரும். ஸ்கிம்மருக்குக் கீழே ஊசித்துளைகள் தெரிந்தால், அந்தப் பகுதியில் உள்பக்கமாக இன்னொரு தகட்டுத் துண்டை வைத்து ஒட்டுப்போடலாம் என்று விற்பவர் சொல்வார். செய்யலாம்தான். ஆனால் போல்ட் வரிசையில் ஒரு துளை நீள்துளையாக இழுபட்டிருந்தாலோ ஓரம் பொடிந்திருந்தாலோ அந்தக் குளம் வேண்டாம். மொத்தத் தண்ணீரின் இழுவிசையையும் தாங்குவது அந்த ஒரு வரிசைதான்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. மோசமான துரு பெரும்பாலும் லைனருக்குப் பின்னால், சுவரின் உட்பக்கத்தில்தான் இருக்கும். லைனரை எடுக்காமல் தெரியாது. ஆகவே "லைனரைக் கழற்றிப் பார்த்து, சுவர் சரியாக இருந்தால் மீதித் தொகை" என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். நியாயமான விற்பனையாளர் ஒத்துக்கொள்வார். ஒத்துக்கொள்ளாவிட்டால் அதிலிருந்தே ஒரு செய்தி கிடைத்துவிடுகிறது.

பழைய லைனரை மறுபடி பயன்படுத்தலாமா என்று கேட்காதவர் இல்லை. முடியாது. ஆண்டுக்கணக்கில் தண்ணீரின் எடையில் விரிந்து படிந்த வினைல், காலியானதும் சுருங்கி விறைத்துவிடும். திரும்ப மாட்டி நிரப்பினால் மூலைகளில் கிழியும். அதன் மேல் விளிம்பு எப்படிப் பிடிக்கப்பட்டிருந்தது என்பதை மட்டும் பார்த்து வையுங்கள்: சுவர் மேல் மடித்துப் போட்டதா, விளிம்பிலுள்ள தடித்த பட்டையைக் காடிக்குள் செருகியதா, கொக்கிபோல் மாட்டியதா? புதிய லைனர் வாங்கும்போது இந்த விவரமும், விட்டமும், சுவரின் உயரமும் கட்டாயம் தேவை. குளத்தின் பிராண்டும் மாடலும் தெரிந்தால் எழுதி வையுங்கள். உடைந்த பிளாஸ்டிக் மூடி ஒன்று தேவைப்படும்போது அது கைகொடுக்கும்.

கழற்றுவது

கழற்றும் முன் போனில் படம் எடுங்கள். தாராளமாக எடுங்கள். ஒவ்வொரு இணைப்பையும் மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் எடுத்தால், பொருத்தும்போது அதுவே கையேடு. போல்ட்டுகளையும் திருகுகளையும் வகை வாரியாகப் பைகளில் போட்டு, எங்கிருந்து எடுத்தது என்று எழுதி ஒட்டுங்கள். மீண்டும் மாட்டும்போது புதிய துருப்பிடிக்காத எஃகுத் திருகுகளைப் போடப்போகிறீர்கள் என்றாலும், அளவு பார்க்கப் பழையவை வேண்டும்.

தண்ணீரை வடிக்கும்போது குளோரின் குறைந்திருக்க வேண்டும். சில நாள் குளோரின் போடாமல் வெயிலில் விட்டாலே பெரும்பாலும் இறங்கிவிடும். அதன் பிறகும் பக்கத்து வீட்டுப் பக்கம் ஓட விடாதீர்கள். பம்பு உறிஞ்சாத கடைசி சில அங்குலத் தண்ணீரை வாளியால்தான் எடுக்க வேண்டும். லைனரைத் துண்டு துண்டாக வெட்டிச் சுருட்டி எடுங்கள். மொத்தமாக இழுத்தால் நகராது.

பிறகு மேலிருந்து கீழ் என்ற வரிசை: மூடிகள், மேல் பட்டைகள், கால்கள். கால்களை எடுத்ததும் சுவர்த் தகடு தனியாக நிற்கும். இந்த நேரம்தான் அபாயமானது. காற்று அடிக்கும் நாளில் இதைச் செய்யவே கூடாது; நாலடி உயரத் தகடு காற்றை வாங்கினால் மடிந்து விழும். விழுந்த தகட்டில் ஒரு மடிப்பு விழுந்துவிட்டால் அதை நேராக்க முடியாது. குறைந்தது மூன்று பேர், எல்லோருக்கும் தடித்த கையுறை. விளிம்பு பிளேடு மாதிரி இருக்கும். சுவரைச் சுற்றிலும் ஆட்கள் பிடித்துக்கொண்டிருக்க, கடைசியாகப் போல்ட் வரிசையைக் கழற்றி, ஒரு முனையிலிருந்து பாய் சுருட்டுவதுபோல் நின்ற நிலையிலேயே சுருட்டுங்கள். சுருளின் விட்டம் இரண்டடிக்குக் குறைய வேண்டாம். கயிற்றால் மூன்று இடத்தில் கட்டி, வண்டியிலும் நிறுத்தியே ஏற்றுங்கள். மேலே எதையும் அடுக்காதீர்கள்.

இடம்

மேலே மின்கம்பி போகக் கூடாது. கீழே கழிவுநீர்த் தொட்டியோ குழாயோ புதைகம்பியோ இருக்கக் கூடாது. மரத்தடி நிழல் ஆசையாக இருக்கும், ஆனால் இலையும் வேரும் சேர்ந்து உங்களை வேலைக்காரராக்கிவிடும். குளத்துக்கும் வீட்டுச் சுவருக்கும் இடையே ஒரு ஆள் தாராளமாக நடந்துபோகும் அளவுக்காவது இடைவெளி விடுங்கள். பழுது பார்க்கச் சுற்றிவர வேண்டும். உள்ளாட்சி விதிகள் இடத்துக்கு இடம் மாறும். அனுமதி தேவையா, எல்லைக் கோட்டிலிருந்து எவ்வளவு தள்ள வேண்டும், வேலி கட்டாயமா என்பதைத் தோண்டும் முன்பே விசாரித்துவிடுங்கள்.

எடையைப் பற்றி ஒரு கணக்கு. 15 அடி விட்டமுள்ள குளத்தில் மூன்றரை அடி தண்ணீர் என்றால் சுமார் 17,500 லிட்டர், அதாவது பதினேழரை டன். 18 அடி விட்டத்தில் அது 25,000 லிட்டரைத் தாண்டும். 24 அடியில் 45,000 லிட்டர். ஒவ்வொரு சதுர அடித் தரையும் ஏறக்குறைய 100 கிலோவைச் சுமக்கிறது. இதனால்தான் மொட்டை மாடி, மரப்பலகைத் தளம், புதிதாகக் கொட்டிய மண் ஆகிய மூன்றும் கிடையவே கிடையாது என்கிறேன்.

தரையை மட்டப்படுத்துதல்

நடுவில் ஒரு முளை அடித்து, குளத்தின் ஆரத்தோடு ஒரு அடி கூட்டிய நீளத்தில் கயிறு கட்டி, சுண்ணாம்புத் தூளால் வட்டம் போடுங்கள். வட்டத்துக்குள் இருக்கும் புல்லை வேரோடு செதுக்கி எடுக்க வேண்டும். புல்லின் மேலேயே விரித்தால் அது அழுகி, தரை அங்கங்கே அமிழும். முக்கியமாகக் கோரை. அதன் கூரான முளை வினைலைத் துளைத்துக்கொண்டு மேலே வரும். சொன்னால் நம்ப மாட்டார்கள், லைனரில் வரிசையாகத் துளை விழுந்த பிறகு நம்புவார்கள். கோரைக்கிழங்கு ஒன்றுகூட மிஞ்சாமல் தோண்டி எடுங்கள். களைக்கொல்லி அடிப்பதானால் பெட்ரோலிய எண்ணெய் கலந்தது வேண்டாம், அது வினைலைத் தின்னும். அடித்த பிறகு அட்டையில் சொன்ன இடைவெளி விட்டுத்தான் லைனர் விரிக்க வேண்டும்.

இனி மட்டம். விதி ஒன்றுதான்: மேட்டை வெட்டு, பள்ளத்தை நிரப்பாதே. வெட்டிய தரை காலங்காலமாக இறுகிக் கிடந்த மண். நிரப்பியது எவ்வளவு மிதித்தாலும் பதினேழு டன்னுக்குக் கீழே அமுங்கும். தரையில் ஒரு அடிச் சரிவு இருந்தால், தாழ்ந்த பக்கத்தை ஆதாரமாக வைத்துக்கொண்டு உயர்ந்த பக்கத்தை ஒரு அடி வெட்ட வேண்டும். வேறு வழியில்லை.

மட்டம் பார்க்கக் கொத்தனார்கள் பயன்படுத்தும் டியூப் லெவல் போதும்: ஒளி ஊடுருவும் நீளமான குழாயில் தண்ணீர் நிரப்பினால் இரு முனையிலும் தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கும். குழாய்க்குள் காற்றுக்குமிழி இருந்தால் அளவு பொய் சொல்லும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். வட்டத்தின் ஓரத்தில் எட்டுப் பத்து முளைகள் அடித்து, எல்லாவற்றிலும் ஒரே மட்டத்தில் கோடு போட்டு, அந்தக் கோட்டிலிருந்து தரை வரை டேப்பால் அளக்க வேண்டும். இடையிலுள்ள பகுதிக்கு நேரான பலகையும் அதன்மேல் ரசமட்டமும் வைத்து, நடு முளையிலிருந்து கடிகார முள் மாதிரி சுற்றிக்கொண்டே வாருங்கள். மொத்தக் குளத்துக்கும் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒரு அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் கூடாது. சுவர் உட்காரும் விளிம்பில் அரை அங்குலத்துக்குள் கொண்டுவந்தால் நிம்மதி.

ஏன் இவ்வளவு கறார்? தண்ணீர் தள்ளும் விசை ஆழத்தின் வர்க்கத்தோடு கூடும். ஒரு பக்கம் 42 அங்குலமும் மறுபக்கம் 45 அங்குலமும் தண்ணீர் நின்றால், ஆழமான பக்கத்துச் சுவரை அது சுமார் 15 சதவீதம் கூடுதலாகத் தள்ளுகிறது. ஏற்கெனவே ஓரிடத்தில் வாழ்ந்து வந்த பழைய தகடு அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டிய அவசியம் இல்லை.

ஒவ்வொரு காலும் நிற்கும் இடத்தில் ஒரு அடிச் சதுரக் கான்கிரீட் பலகையைத் தரை மட்டத்துக்குப் புதைக்க வேண்டும். மேலே துருத்திக்கொண்டிருக்கக் கூடாது. இவை எல்லாமே ஒன்றுக்கொன்று மட்டமாக இருக்க வேண்டும். அப்புறம் தரையை லேசாக நனைத்து, திம்மிசுக்கட்டையால் நன்றாக இடியுங்கள். குதிகாலை ஊன்றி நின்றால் தடம் விழாத அளவுக்கு இறுக வேண்டும். சல்லி, கண்ணாடித் துண்டு, வேர்முனை எல்லாவற்றையும் கையால் தடவிப் பொறுக்குங்கள். கண்ணுக்குத் தப்பியது கைக்குத் தப்பாது.

சட்டமும் சுவரும்

சுவரை நிறுத்தும் முன், அடியில் பரப்ப வேண்டிய சலித்த மணலை வட்டத்தின் நடுவில் குவித்து வைத்துவிடுங்கள். சுவர் எழும்பிய பிறகு நாலடிக்கு மேல் தூக்கித் தூக்கி வாளியில் கொட்டுவதை நினைத்துப் பாருங்கள். இரண்டு அங்குலத் தடிமனுக்கு 15 அடிக் குளத்தில் சுமார் 30 கன அடி மணல் வேண்டும். ஓரத்தில் சாய்வு கட்டவும் கொஞ்சம் கூடுதலாக எடுங்கள்.

காடி போட்ட அடிச்சட்டங்களைக் கான்கிரீட் பலகைகளின் மேல் வட்டமாகக் கோத்து, நாலைந்து திசைகளில் விட்டத்தை அளந்து பாருங்கள். எல்லாம் ஒன்றாக இருந்தால்தான் அது வட்டம். பிறகு காற்றில்லாத காலை நேரத்தில் தகட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக விரித்துக் காடிக்குள் இறக்குங்கள். தொடங்கும் இடத்தை யோசித்து முடிவு செய்ய வேண்டும். போல்ட் வரிசை ஒரு காலுக்குப் பின்னால் மறைய வேண்டும்; ஸ்கிம்மர் துளை, வழக்கமாகக் காற்று எந்தப் பக்கம் நோக்கி வீசுமோ அந்தப் பக்கம் அமைய வேண்டும். அப்போதுதான் மிதக்கும் தூசியும் இலையும் காற்றாலேயே ஸ்கிம்மருக்குப் போய்ச் சேரும். பம்பு எந்தப் பக்கம் வரும் என்பதும் இதனாலேயே முடிவாகிவிடும்.

இரு முனைகளும் சந்திக்கும்போது ஒரு அங்குலம் முன்பின்னாக இருப்பது சகஜம். தகட்டை வெட்டவோ இழுக்கவோ வேண்டாம். அடிச்சட்டங்களுக்கு இடையிலுள்ள இடைவெளியைச் சுற்றிலும் சமமாகக் கூட்டியோ குறைத்தோ சரிசெய்யுங்கள். போல்ட்டின் வழவழப்பான தலை குளத்தின் உட்பக்கம் இருக்க வேண்டும், நட்டு வெளியே. எல்லாத் துளைக்கும் போல்ட் வேண்டும். ஒன்று குறைகிறதே, பரவாயில்லை என்ற பேச்சே வேண்டாம். இறுக்கிய பிறகு உட்பக்கத்தில் அந்த வரிசை முழுவதையும் துணி டேப்பால் இரண்டு மூன்று அடுக்கு ஒட்டிவிடுங்கள். சுவரில் முன்பு பார்த்த துருப் பொட்டுகளையும் தேய்த்து, பெயிண்ட் அடித்து, காய்ந்ததும் டேப் ஒட்டுங்கள். லைனரின் முதுகு எந்தச் சொரசொரப்பிலும் உரசக் கூடாது.

கால்களை நிறுத்தி மேல் இணைப்புகளைத் தற்காலிகமாக மாட்டியதும் மணலைப் பரப்பி, மட்டப்பலகையால் இழுத்து, லேசாக நனைத்து அழுத்துங்கள். சுவரும் தரையும் சந்திக்கும் விளிம்பு முழுக்க ஆறு அங்குல உயரத்துக்கு மணலைச் சாய்வாகக் கட்டி இறுக்க வேண்டும். இதை விட்டுவிட்டால், லைனர் சுவருக்கு அடியில் பிதுங்கி வெளியே வந்து வெடிக்கும். மணலுக்குப் பதில் இதற்கென்றே விற்கும் முக்கோண ஃபோம் பட்டைகளும் உண்டு. எறும்பு தோண்டாது, கரையாது. கையில் காசிருந்தால் அதுதான் மேல்.

லைனர்

வெயில் அடிக்கும் நாளாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். குளிர்ந்த வினைல் வளையாது, சூடானது துணிபோல் இழையும். பெட்டியைக் கத்தியால் கிழிக்க வேண்டாம். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே இறங்கி, லைனரின் அடிப்பகுதித் தையல் சுவரை ஒட்டிச் சுற்றிலும் சமமாக வரும்படி விரித்து, மேல் விளிம்பைக் காடியில் செருகுங்கள். மடித்துப் போடும் வகை என்றால் துணிக் கிளிப்புகளால் தற்காலிகமாகப் பிடித்துவையுங்கள்.

சுருக்கம் நீக்க எளிய தந்திரம் ஒன்று இருக்கிறது. ஸ்கிம்மர் துளை வழியாக வேக்குவம் கிளீனரின் குழாயை லைனருக்கும் சுவருக்கும் நடுவே விட்டு, சுற்றிலும் டேப் ஒட்டி இயக்கினால், இடையிலுள்ள காற்று உறிஞ்சப்பட்டு லைனர் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். அப்படியே ஓடவிட்டுக்கொண்டு தண்ணீரைத் திறங்கள். ஒரு அங்குலம் சேர்ந்ததும் தண்ணீர்க் குழாயை மூடிவிட்டு, நடுவிலிருந்து ஓரத்துக்குப் பாதத்தால் சுருக்கங்களைத் தள்ளுங்கள். இந்தக் கட்டத்தில் விட்ட சுருக்கம் பிறகு போகாது; மேலே ஒரு அடித் தண்ணீர் ஏறிவிட்டால் அது கல்.

மேல் பட்டைகளையும் மூடிகளையும் இப்போது நிரந்தரமாகப் பூட்டுங்கள். தண்ணீர் ஏறட்டும். நிமிடத்துக்கு 20 லிட்டர் தரும் குழாயானால் 17,500 லிட்டருக்குச் சுமார் பதினைந்து மணி நேரம் ஆகும். அரை அடி ஏறியதும் ஒருமுறை சுவரைச் சுற்றிவந்து ஈரம் கசிகிறதா, எந்தக் காலாவது சாய்கிறதா, தண்ணீரின் விளிம்பு சுவரில் எல்லாப் பக்கமும் ஒரே உயரத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். மட்டம் தப்பியிருந்தால் தண்ணீரே காட்டிக்கொடுத்துவிடும். அரை அடியில் வடித்துவிட்டுத் திருத்துவது சலிப்பான வேலைதான், ஆனால் முழுதும் நிரம்பிய பிறகு அதுவும் முடியாது.

துளைகளை முன்கூட்டியே வெட்ட வேண்டாம். தண்ணீர் திரும்பி வரும் துளைக்குச் சில அங்குலம் கீழே வரும் வரை காத்திருந்தால், லைனர் முழுமையாக இழுபட்டுத் தன் இடத்தில் அமர்ந்திருக்கும். அப்போது புதிய கேஸ்கெட்டை வைத்து, முகத்தகட்டைத் திருகிய பிறகே நடுவில் சிறிய கூட்டல் குறிபோல் கீறி வெட்டுங்கள். ஸ்கிம்மருக்கும் அதே முறை.

பம்பு, ஃபில்டர், மின்சாரம்

பழைய பம்பை வாங்கும் இடத்திலேயே ஓடவிட்டுக் கேளுங்கள். கீச்சென்ற சத்தம் பேரிங் தேய்ந்ததற்கு அடையாளம். உறுமிக்கொண்டு சுற்றாமல் நின்றால் பெரும்பாலும் கெப்பாசிட்டர். வெகுநாள் காய்ந்து கிடந்த பம்பின் ஷாஃப்ட் சீல் ஒழுகக்கூடும், அதையும் ஓ-ரிங்குகளையும் புதிதாகப் போடுங்கள். மணல் ஃபில்டரில் பழைய மணலைக் கொட்டிவிட்டு, ஃபில்டருக்கென்று விற்கும் சிலிக்கா மணலை நிரப்ப வேண்டும். கட்டட மணல் ஆகாது. தொட்டியின் ஓட்டில் விரிசல் இருந்தால் ஒட்டவைத்துப் பார்க்கும் எண்ணமே வேண்டாம். அழுத்தத்தில் இயங்கும் பாத்திரம் அது.

பம்பின் திறன் குளத்துத் தண்ணீர் முழுவதையும் எட்டு மணி நேரத்துக்குள் ஒருமுறை சுற்றவிடும் அளவுக்கு இருந்தால் போதும். 17,500 லிட்டருக்கு மணிக்கு ஏறக்குறைய 2,200 லிட்டர். முதல் நாள் ஃபில்டரின் அழுத்தமானி காட்டும் அளவைக் குறித்து வைத்து, அதைவிட 8 முதல் 10 பி.எஸ்.ஐ. கூடும்போதெல்லாம் பேக்வாஷ் செய்யுங்கள், அதாவது தண்ணீரை எதிர்த்திசையில் ஓடவிட்டு மணலைக் கழுவுங்கள்.

மின் இணைப்பை நீங்களே செய்யாதீர்கள். இந்த வேலையில் எனக்குத் தெரிந்து நிச்சயமாகப் பணம் கொடுத்து ஆள் வைக்க வேண்டிய ஒரே பகுதி இதுதான். 30 மில்லியாம்பியர் கசிவுக்கே துண்டித்துவிடும் ஆர்.சி.சி.பி., சரியான எர்த், குளத்தின் உலோகப் பாகங்களையும் பம்பையும் இணைக்கும் கம்பி ஆகிய எல்லாவற்றையும் உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியன் போட வேண்டும். புல்லின் மேல் நெளிந்து போகும் எக்ஸ்டென்ஷன் வயர் எத்தனை நாளைக்கு என்று கேட்டால், ஒரு நாளைக்கும் கூடாது. பம்பைக் குளத்துச் சுவரை ஒட்டி வைக்காமல் சற்றுத் தள்ளி வையுங்கள்: குழந்தைகள் அதன்மேல் ஏறிக் குளத்துக்குள் எட்டிப்பார்ப்பார்கள்.

தண்ணீரைத் தயார் செய்தல்

நிரம்பியதும் உடனே குதிக்கத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். சோதனைப் பட்டைகளோ சொட்டு மருந்துச் சோதனைப் பெட்டியோ வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது சற்று வேலை வாங்கும், ஆனால் நம்பகமானது. முதலில் காரத்தன்மை 80 முதல் 120 பி.பி.எம். (பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற அளவு) வரை இருக்க வேண்டும். குறைவாக இருந்தால் சமையல் சோடா போதும். 17,500 லிட்டரில் 10 பி.பி.எம். உயர்த்தச் சுமார் 300 கிராம். பிறகு பி.எச். 7.2 முதல் 7.8 வரை. கடைசியாகக் குளோரின், 1 முதல் 3 பி.பி.எம். இந்த வரிசையை மாற்றினால், ஒன்றைச் சரிசெய்ய மற்றொன்று கெடும்.

வெயிலில் கிடக்கும் குளத்தில் சயனூரிக் அமிலம் 30 முதல் 50 பி.பி.எம். அளவில் இல்லாவிட்டால், உச்சிவெயில் சில மணி நேரத்தில் குளோரினின் பெரும்பகுதியை அழித்துவிடும். இது உள்ள குளத்தில் குளோரினை 2 பி.பி.எம்.முக்குக் கீழே இறங்கவிடாமல் வைத்திருங்கள். ட்ரைகுளோர் என்ற குளோரின் மாத்திரைகளில் இந்த அமிலம் ஏற்கெனவே இருப்பதால், அவற்றையே தொடர்ந்து போட்டால் அளவு ஏறிக்கொண்டே போய்க் குளோரின் மந்தமாகிவிடும். கிணற்று நீரோ ஆழ்துளை நீரோ நிரப்பியவர்கள், முதல் குளோரின் போட்டதும் தண்ணீர் பழுப்பாவதைக் கண்டு பயப்பட வேண்டாம். இரும்புச் சத்துதான். உலோகங்களைப் பிடித்துவைக்கும் மருந்து கிடைக்கிறது, ஃபில்டரையும் விடாமல் ஓட்டுங்கள்.

ரசாயனத்தைத் தண்ணீரில் போடுங்கள், ரசாயனத்தின் மேல் தண்ணீரை ஊற்றாதீர்கள். கால்சியம் ஹைப்போகுளோரைட் என்ற குளோரின் தூளை நேரே வீசினால் லைனரின் நிறம் பொட்டுப் பொட்டாக வெளுத்துவிடும். வாளித் தண்ணீரில் கரைத்து ஊற்றுங்கள். அந்தத் தூளையும் ட்ரைகுளோர் மாத்திரையையும் ஒரே பாத்திரத்தில் கலந்தால் தீப்பிடிக்கும். குளோரினோடு ஆசிட் சேர்ந்தால் விஷவாயு. இரண்டுக்கும் ஒரே கரண்டியைக்கூடப் பயன்படுத்த வேண்டாம், ஒரே அலமாரியிலும் வைக்க வேண்டாம்.

குழந்தைகள்

சுவரே நாலடி இருக்கிறதே, அதுவே வேலிதானே என்பார்கள். ஏணி மாட்டியிருக்கும் வரை அது வேலியல்ல, படிக்கட்டு. குளத்தைச் சுற்றிக் குறைந்தது நாலடி உயரத்தில், நான்கு அங்குலத்துக்கு மேல் சந்து இல்லாமல், தானாகச் சாத்திக்கொண்டு தானாகத் தாழிடும் கதவோடு வேலி போடுங்கள். கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். பயன்படுத்தாதபோது ஏணியைக் கழற்றி எடுத்துவிடுங்கள். மூழ்கும் குழந்தை பெரும்பாலும் கத்துவதில்லை, கையை ஆட்டுவதும் இல்லை. சத்தம் கேட்டால் ஓடிப்போகலாம் என்ற கணக்கு இங்கே எடுபடாது. பெரியவர் ஒருவர் போனைக் கீழே வைத்துவிட்டுக் கரையில் இருக்க வேண்டும். தலைகீழாகக் குதிக்க நாலடிக் குளம் போதவே போதாது. இது பெரியவர்களுக்கும் சேர்த்துத்தான்.

முதல் இரண்டு வாரம்

தினமும் ஒருமுறை சுற்றிவந்து கால்கள், போல்ட் வரிசை, ஸ்கிம்மருக்கு அடியில் ஈரம் ஆகியவற்றைப் பாருங்கள். தண்ணீர் குறைவதுபோல் தெரிந்தால், ஏணிப் படியில் ஒரு வாளியை வைத்து, அதில் குளத்து மட்டத்துக்கே தண்ணீர் ஊற்றி, உள்ளேயும் வெளியேயும் கோடு போடுங்கள். பம்பை நிறுத்திவிட்டு ஒரு நாள் விடுங்கள். இரண்டும் சமமாகக் குறைந்தால் அது ஆவியாதல். குளம் மட்டும் கூடுதலாக இறங்கினால் கசிவு. பம்பை ஓட்டியும் இதே சோதனையைச் செய்து, ஓடும்போது மட்டும் அதிகம் இறங்கினால் குழாய் இணைப்புகளில் தேடுங்கள். நிறுத்தினாலும் இறங்கினால் லைனரிலும் கேஸ்கெட்டிலும் தேடுங்கள். சிறு துளைகளைத் தண்ணீருக்குள்ளேயே ஒட்டும் வினைல் பசையும் லைனர் வெட்டியபோது மிஞ்சிய துண்டும் கொண்டு அடைக்கலாம். அதனால் அந்தத் துண்டுகளைத் தூக்கி எறியாதீர்கள்.

மாதக்கணக்கில் பயன்படுத்தப் போவதில்லை என்றாலும் குளத்தைக் காலியாக விடக் கூடாது. லைனர் சுருங்கும், வெறும் சுவர் காற்றுக்குத் தாங்காது. ஸ்கிம்மருக்குக் கீழே வரை மட்டும் தண்ணீரை இறக்கி, குளோரின் போட்டு, மூடி போட்டுக் கட்டிவையுங்கள். மூடியின் மேல் தேங்கும் மழைநீரை வாரம் ஒருமுறையாவது வடித்துவிடுங்கள், கொசு முட்டையிட்டுப் பறக்க அதற்கு மேல் அதிக நாள் தேவைப்படாது.